எதிரில் இருந்தவளுக்கு ஆப்சென்ட்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். வேலையில் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் முப்பது வருட சர்வீஸ்காரர்களுக்குரிய கண்டிப்பு எனக்கு வந்துவிட்டது. நான் வராந்தாவில் வருகிறேன் என்றாலே வகுப்பு கப்சிப். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலைப் பள்ளிகளுக்கு விடுமுறை. பந்தோபஸ்துக்கு வரும் வெளியூர்ப் போலீஸ்காரர்கள் வகுப்பறைகளில்தான் தங்குவார்கள். அவர்கள் காலி செய்து, பள்ளி திறந்த அன்று வருகைப்பதிவு எடுத்தேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள். “உள்ளேன் டீச்சர்” என்று மட்டும் சொல்லவில்லை. வேங்கிக்காலிலிருந்து நடந்து வருகிறவள். தீபத்துக்கு முன்பு வரை ஒழுங்காகப் பதில் சொன்னவள்தான். பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“வாயத் தொறந்து சொல்லலன்னா ஆப்சென்ட்தான்” என்றேன். சொல்லவில்லை. போட்டுவிட்டேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன், வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அரைப் பரீட்சையில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, வாய் மட்டும் திறக்கவே இல்லை. யார் ஜெயிக்கிறோம் பார்த்துவிடலாம் என்று எனக்கு வீம்பு. பதினோரு வயசுக் குழந்தையோடு! பொங்கல் கழிந்தும் ஆப்சென்ட் நிற்கவில்லை. வருகை குறைந்தவர்களின் வீட்டுக்கு, இப்படியே போனால் முழுப் பரீட்சை எழுத முடியாது என்று கடிதம் அனுப்புவது பள்ளி வழக்கம். அந்த வரிசையில் அவள் வீட்டுக்கும் ஒன்று போயிற்று. கையெழுத்துக்காகத் தலைமையாசிரியை முன்னால் அதை வைத்தவளே நான்தான்.

பிப்ரவரியில் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு லேடி டாக்டர் வந்தார். அவளை அவர் முன்னால் நிறுத்தி, “தொண்டையில கோளாறா, இல்ல திமிரான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்” என்றேன். அவர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு என்னைக் கேட்டார்.

“வீட்ல பேசுறாளா?”

“தெரியாதுங்க.”

“எப்போல இருந்து இப்படி?”

“தீபத்துலருந்துங்க.”

“தீபத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா?”

நான் கேட்டிருக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. “இது திமிரில்ல டீச்சர், பயம். சொல்லு சொல்லுன்னு நெருக்க நெருக்க பயம் ஜாஸ்தியாகும். பேசாமலே கிளாஸ்ல ஒரு ஆளா இருக்கலாம்னு முதல்ல அவளுக்குத் தெரியட்டும்” என்றார்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போகாமல் வேங்கிக்காலுக்குப் போனேன். தெருவிலேயே அவள் குரல் கேட்டது. தம்பியைக் கணீரென்று அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரல் நின்றது, உள்ளே ஓடிவிட்டாள்.

வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா பதறி எழுந்தார். தீபத்தன்று கூட்டத்தில் மகளைத் தவறவிட்டுவிட்டாராம். காணாமல்போன குழந்தைகளை வைத்திருக்கும் பந்தலில் அவளை மைக் முன்னால் நிறுத்தி, பேரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குப் பேர் வரவில்லை, அழுகைதான் வந்தது. அது ஸ்பீக்கரில் தெருத்தெருவாகக் கேட்டிருக்கிறது.

“அதக் கேட்டுத்தான் நானே ஓடிப்போயி கண்டுபுடிச்சேன் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துல மைக்கு மைக்குன்னு கிண்டல் பண்றாளுங்களாம். பேரக் கூப்புட்டாலே ஒடம்பு நடுங்குதுன்னா.”

அதற்குள் அவள் அப்பா வந்தார். கும்பிட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

“நல்லா வெளுத்துட்டேங்க. தெனம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன்னு சத்தியம் பண்றா. டீச்சரு பொய் எழுதுவாங்களா, எங்கடி சுத்துறன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். போதுங்க, பரீட்சையும் வாணாம் ஒண்ணும் வாணாம், நிறுத்திடறேன்.”

என் வாழ்க்கையில் அப்படி நான் கூசிப்போனதில்லை. “அவ தெனமும் வந்தாங்க. பொய் எழுதினது நான்தான்” என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டு முறை சொன்ன பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் என் தப்பை எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு ஆப்சென்ட்டையும் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மெமோ கிடைத்தது. ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. அவள் அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு அனுப்பி வைத்தார்.

பெயர் கூப்பிடுவதை என் வகுப்பில் நிறுத்தினேன். பெஞ்சு பெஞ்சாகத் தலையை எண்ணி, யார் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதித் தரும் வேலையை அவளிடம் கொடுத்தேன். அதைப் பார்த்து நான் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன். கிண்டல் செய்த பெண்களைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். யாரையும் அடிக்கவில்லை. அதுவே எனக்குப் புதிது. மார்ச்சில் ஒருநாள் பக்கத்துப் பெண்ணின் காதில் அவள் ஏதோ சொல்வதைக் கண்டேன். காணாததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்த கடைசி நாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வேகமாக நடந்தேன். பின்னால் ஓடி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கிட்டத்தட்ட ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“டீச்சர், எம்மேல இருந்த கோவம் போயிடுச்சா?”

போய்விட்டது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது, சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். தப்புச் செய்தவள் நான், அடி வாங்கியவள் அவள், அத்தனை மாதமும் என் கோபம் தணியட்டும் என்று காத்திருந்தவளும் அவளே என்பதை நினைத்தால், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த வயதிலும் அவளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்காமல் விட்டது என்னை உறுத்துகிறது.