இரண்டு புள்ளிகளும் மகாதேவன் அங்கிளும்

மகாதேவன் அங்கிளைப் போன்ற மனிதரை நியூ ஜெர்சியில் தேடி அலைய வேண்டாம், தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்கு வாய்த்தவர் இவர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவர் வீட்டு மிக்ஸி ஓடினால் என் வீட்டு அலமாரி அதிரும்.

ஒரு மருந்துக் கம்பெனியின் ஐ.டி. பிரிவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பெயருக்குத்தான், வேலையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். யார் வீட்டில் குளிருக்குச் சூடேற்றும் ஃபர்னஸ் நின்றாலும், யாருக்கு கிரீன் கார்டு தாமதமானாலும் வந்து நிற்பார். யாரையாவது நெவார்க் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டால், விமானம் கிளம்புவதற்குள் இரண்டு வேளை சாப்பிட்டு விடலாம், அவ்வளவு சீக்கிரம். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி ஆண்ட்டி கார் ஓட்டும்போது அங்கிள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அதனாலேயோ என்னவோ, ஆண்ட்டி கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும் ஓட்டுவார். ஹைவே பக்கம் காரைத் திருப்ப மாட்டார்.

ஆண்ட்டிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா ரயில்வேயில் இருந்தவர். கல்யாணமான புதிதில் இருவரும் ரயிலில் போனபோது, ஆண்ட்டி ராத்திரி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படித்துக்கொண்டே வந்தாராம். "பெர்த்துக்குக் காசு கொடுத்தது வேஸ்ட்" என்று அங்கிள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கதையை நான் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பேன்.

ஐரோப்பாவை ரயிலில் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஆண்ட்டி. திட்டம் போட்டவர் அங்கிள். வியன்னாவில் நாலு நாள், பிறகு ரயிலில் ம்யூனிக், அங்கே நாலு நாள். எந்த மியூசியத்துக்கு எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும், எந்த ஓட்டலில் வெங்காயம் இல்லாமல் கிடைக்கும் என்பது வரைக்கும் பார்த்து வைத்துவிட்டார். ஒன்றை மட்டும் கடைசிக்குத் தள்ளினார். ஆண்ட்டி எப்போதோ அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார், அவருக்கு விசா தேவையில்லை. அங்கிளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை, அவருக்குத் தேவை. தெரு முழுக்க விசா ஆலோசனை சொன்ன மனிதர், தன் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் தேடியபோது ஒரு தேதிகூட மிச்சமில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, தான் விழுந்ததாம் கழுநீர்ப் பானையில்.

ஆண்ட்டி எல்லாவற்றையும் கேன்சல் பண்ணச் சொல்வார் என்றுதான் அங்கிள் நினைத்திருந்தார். ஆண்ட்டி சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே, "அப்ப நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாராம். அங்கிள் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ அவருடைய காரை அவரிடமே வாடகைக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

தடுக்க முடியவில்லை. ஆகவே தயார்படுத்தினார். பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டினார். தன் செல் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார். பெட்டிக்குள் ஒரு டிராக்கரைப் போட்டார். ஆண்ட்டியின் போனிலும் லொகேஷன் ஷேரிங்கை ஆன் செய்தார். இனி வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும், ஒன்று மனைவி, மற்றொன்று பெட்டி.

வியன்னாவில் நாலு நாளும் நன்றாகப் போயின, அதாவது அங்கிளுக்கு. புள்ளி அவர் சொன்ன வாசலில் நுழைந்தது, சொன்ன ஓட்டலில் நின்றது. ஒரு நாள் ஏதோ ஒரு தெருவில் புள்ளி தப்பாகத் திரும்பியதும் உடனே போன் போட்டு, "லெஃப்ட்ல போ, அனந்தா, லெஃப்ட்ல" என்று இங்கிருந்தே வழிசொன்னார். என் சமையலறைச் சுவர் வழியாக எனக்கே கேட்டது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, நான் ஆபீஸ் மீட்டிங்குக்கு லேப்டாப்பைத் திறந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அங்கிள் நின்றார். காலில் செருப்பு இல்லை. கையில் போன்.

"எழில், இதக் கொஞ்சம் பாரேன். என் கண்ணுதான் கோளாறா?"

பார்த்தேன். சால்ஸ்பர்க் வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு புள்ளிகளும் அதைத் தாண்டியதும் பிரிந்திருந்தன. பெட்டி வடக்கே ம்யூனிக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆண்ட்டி தெற்கே, மலைகளுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

"போன் பண்ணீங்களா அங்கிள்?"

"பதினஞ்சு தடவை பண்ணிட்டேன். ரிங் போகுது. எடுக்க மாட்டேங்கறா." மறுபடி நம்பரை அழுத்தினார். "ஸ்வெட்டர், பி.பி. மாத்திரை எல்லாம் பெட்டில இருக்கு எழில். ஹோட்டல் பேர்கூட அவளுக்கு ஞாபகம் இருக்காது. எல்லாம் நான்தானே பாத்துப்பேன்."

அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். குடிக்கவில்லை. மகள் விஷாகாவுக்குப் போன் போட்டார். அவள் கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே இன்னும் விடிந்தும் விடியாத நேரம்.

"அப்பா, மாம் இஸ் அன் அடல்ட். ஷி வில் கால். ப்ளீஸ் ரிலாக்ஸ்" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"ரிலாக்ஸாம்" என்றார் அங்கிள் என்னைப் பார்த்து. நான்தான் அவளைப் பெற்ற மாதிரி.

பிறகு ஆஸ்திரியா ரயில்வே உதவி எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு பெண் பொறுமையாகவே பேசினார். காணாமல் போனவருக்கு என்ன வயது, உடம்பு சரியில்லையா, ஞாபக மறதி உண்டா என்று கேட்டார். ஐம்பத்தொன்பது, இல்லை, இல்லை என்று அங்கிள் பதில் சொன்னார். காணாமல் போனவர் அங்கிளிடம் உதவி வேண்டும் என்று கேட்டாரா என்று அந்தப் பெண் கேட்டார். கேட்கவில்லை என்று அங்கிள் கடைசியில் ஒப்புக்கொண்டார். அப்படியானால் எங்களால் எதுவும் செய்ய முடியாது சார் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொல்லி முடித்தார்.

"ஃப்ளைட் பிடிச்சுப் போயிடலாம்னா, அதுக்கும் வழியில்ல" என்றார் அங்கிள். விசா இல்லாத பாஸ்போர்ட் வீட்டு டிராயரில் கிடந்தது. எல்லாருக்கும் ஓடி ஓடி உதவிய மனிதர் என் சோபாவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் எத்தனையோ நாள் எரிச்சல் வந்திருக்கிறது. அன்றைக்குப் பாவமாக இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கை ஒரு காதில் ஓடவிட்டேன்.

முதலில் தகவல் வந்தது பெட்டியிடமிருந்துதான். ரோஷினி என்ற பெண் ம்யூனிக் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாள். பேச்சில் கோயம்புத்தூர் வாசனை அடித்தது.

"அங்கிள், பெட்டில உங்க நம்பர் இருந்துச்சுங்க. ஆண்ட்டியோட பெட்டி எங்ககிட்டதான் இருக்குதுங்க. கைக்குழந்தையோட நானும் எங்க வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருந்தோம். ஆண்ட்டிதான் அவங்க சீட்டை எனக்கு மாத்திக் கொடுத்தாங்க. பின்னாடி கோச்செல்லாம் காலியா இருக்கு, நான் அங்க உக்காந்துக்கறேன், பெட்டியக் கொஞ்சம் பாத்துக்கோம்மான்னுட்டுப் போனாங்க."

நம் ஜனங்களுக்கு ரயில் என்றால் இந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். சீட் மாற்றிக் கொடுப்பதும், முன்பின் தெரியாதவரிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் நமக்குத் தப்பாகவே தோன்றாது. ஆனால் அந்த ரயில் சால்ஸ்பர்க்கில் இரண்டாகப் பிரியும் ரயில். முன்பாதி ம்யூனிக் போகும், பின்பாதி இன்ஸ்புருக் போகும். ரோஷினி அதைச் சொன்னபோது அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க்லீஷ்லயும் ரெண்டு தடவ அனௌன்ஸ் பண்ணாங்க அங்கிள். ஆண்ட்டி வந்துடுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நான் போய்க் கூப்பிட்டிருக்கணும். குழந்த அழுதுட்டு இருந்துச்சு."

"நீ என்னம்மா பண்ணுவ" என்றார் அங்கிள். பெட்டியை ஹோட்டலில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டு, ஹோட்டல் பெயர், தெரு, எந்த டிராம், எந்த நிறுத்தம் எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னார். அந்த ஐந்து நிமிடமும் அவர் பழைய மகாதேவன் அங்கிளாக இருந்தார். போனை வைத்ததும் தோள் மறுபடி தொங்கிவிட்டது.

அதற்குள் ஆண்ட்டியின் புள்ளி இன்ஸ்புருக்கில் இறங்கியிருந்தது. ஸ்டேஷனிலேயே நிற்கும், யாரையாவது வழி கேட்கும், அடுத்த ரயிலில் திரும்பும் என்று எதிர்பார்த்தோம். நிற்கவில்லை. நேரே ஊருக்குள் போனது. ஒரு சந்தில் நுழைந்தது. ஒரு கட்டடத்தின் முன் நெடுநேரம் நின்றது. ஆற்றங்கரைக்குப் போய்ப் பாலத்தின் நடுவில் நின்றது.

"பாலத்துல எதுக்கு நிக்கறா?" அங்கிள் என்னைக் கேட்டார். மறுபடி போன் போட்டார். ரிங் போய் நின்றது.

கொஞ்ச நேரத்தில் புள்ளி வேகமாக நகர ஆரம்பித்தது. ஆற்றைக் கடந்து, வீடுகளைக் கடந்து, மலைமேல் ஏறத் தொடங்கியது. அங்கிள் எழுந்துவிட்டார். "நடக்கற வேகமில்ல எழில் இது. யாரோ போனைத் திருடிட்டுப் போறான். இல்லன்னா அவளையே..." நான் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே மலையேறும் சின்ன ரயில் ஒன்று இருந்தது. காட்டினேன். அங்கிளுக்கு அது சமாதானமாக இல்லை. வழி தெரியாமல் தவிக்கும் மனுஷி மலைக்கு ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் என் மனசுக்குள் வந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை.

அவர் முகம் கழுவிக்கொள்ளப் போன நேரத்தில் என் போன் அடித்தது. ஆண்ட்டி.

"எழில், அவர் அங்கதான இருக்காரு? ஸ்பீக்கர்ல போட்டுடாத."

"ஆண்ட்டி, இங்க உயிர் போகுது. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். மலை மேல ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஊரே கீழ தெரியுது."

"தூங்கிட்டீங்களா? அனௌன்ஸ்மென்ட் கேக்கலையா?"



"கேட்டுது. நான் தூத்துக்குடிக்காரி எழில். மணியாச்சி ஜங்ஷன்ல ரயில் பெட்டி கழட்டுறதப் பாத்தே வளந்தவ. கைப்பைய எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன். ப்ளாட்ஃபார்ம்ல எறங்கி நாலு பெட்டி முன்னால நடந்தாப் போதும். அப்புறம் என்ன தோணுச்சோ, திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

"மாத்திரை?"

"ஒரு ஸ்ட்ரிப் கைப்பைல எப்பவும் கெடக்கும். அவருக்குத் தெரியாது." பிறகு தயங்கினார். "ம்யூனிக்ல எல்லாத்தையும் அவரே பாத்து முடிச்சிட்டாரும்மா. எனக்குப் பாக்க ஒண்ணுமே இல்ல. இங்க ஒரு ராத்திரி தங்கிட்டு நாளைக்குப் போயிடுவேன். போனைக் கொஞ்சம் அணைக்கப் போறேன். தூங்கிட்டேன்னு சொல்லிடு. வேற மாதிரி சொன்னாத் தாங்க மாட்டாரு."

அங்கிள் முகத்தில் தண்ணீர் சொட்ட வந்து நின்றார். சொன்னேன். ஆண்ட்டி ரயிலில் அசந்து தூங்கிவிட்டார், இன்ஸ்புருக்கில்தான் விழித்தார், போன் சைலென்டில் கிடந்தது, மாத்திரை இருக்கிறது, அங்கேயே ஒரு ஹோட்டலில் தங்கிவிட்டு நாளைக்கு ம்யூனிக் போவார். பொய் சொல்லுகிறபோது எனக்கு வழக்கத்தைவிட வேகமாகப் பேச்சு வரும்.

அங்கிள் மூச்சுவிட்டார். "நான்தான் சொன்னேனே. தனியா அனுப்பினா இப்படித்தான் ஆகும்" என்று சிரிக்கவும் செய்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தார். மலைமேல் இருந்த புள்ளி இல்லை. ஆண்ட்டியின் பெயருக்குக் கீழே, லொகேஷன் கிடைக்கவில்லை என்று மட்டும் இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"எழில்."

"சொல்லுங்க அங்கிள்."

"அவளுக்கு ரயில்ல தூக்கமே வராதும்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரைபடத்தை ம்யூனிக் பக்கம் நகர்த்தினார். அங்கே இன்னொரு புள்ளி, அவர் சொன்ன தெருவில், அவர் சொன்ன ஹோட்டலில், அசையாமல் நின்றது.

"பெட்டி போய்ச் சேந்துடுச்சு" என்றார்.