வெட்டி எறிந்த பதினோரு நிமிடம்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் கேசட்காரர் என்றுதான் சொல்வார்கள். கடையை மூடிப் பதினைந்து வருடமாகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீடியோ கேசட் சிக்கினாலும் சரி, பூஞ்சை பிடித்தாலும் சரி, ஒரு காலத்தில் அவரிடம்தான் வரும். ஐந்து திருகாணியைக் கழற்றி, கசங்கிய நாடாவை வெட்டி எறிந்து, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டி, நகத்தால் ஒரு தேய் தேய்ப்பார். படம் ஓடும்போது ஒட்டிய இடத்தில் திரையில் ஒரு கோடு ஓடும், அவ்வளவுதான். கெட்டதை வெட்டிவிட்டால் மிச்சம் நன்றாக ஓடும் என்பதில் மனிதருக்கு அப்படியொரு நம்பிக்கை. அதைக் கடையோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

மனைவி போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. ஒரே மகள், வெளியூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள், அம்மாவின் துணிமணிகளை எடுத்து வைக்க வந்திருந்தாள். வந்ததிலிருந்து அப்பாவிடம் அளந்துதான் பேசினாள். வேறென்ன செய்வாள்? அதற்கு முந்தைய ஆறு மாதமாக, ஃபோன் செய்யும்போதெல்லாம், "அம்மாவுக்கு வெறும் சளிதான்" என்று அவர் சொன்னதை நம்பியிருந்தாள். அலறியடித்துக்கொண்டு வந்தபோது மூடிய கண்களைத்தான் பார்க்க முடிந்தது. அம்மா கடைசியில் தன்னைத் தேடினாளா என்ற கேள்வி அவள் முகத்தில் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தார். சொல்ல வேண்டிய பொய்யையும் நான்கு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தாள். சின்ன வயதில் வீட்டுக் கேசட்டில் நூறு தடவை பார்த்த படம். துடைத்துப் புதுசாக்கி விட்டிருக்கிறார்களாம். பெரிய மாடிப்படி வீடு, ஐந்து பிள்ளைகள், பியானோ வாசிக்கும் அம்மா. கதவைத் திறந்தால் பாட்டு, பால் பொங்கினால் பாட்டு, சாக்ஸ் தொலைந்தால் அதற்கும் ஒரு பாட்டு. அரை மணி நேரம் வீடு பழையபடி இருந்தது. மகள் கூடவே முணுமுணுத்தாள். அவர் தப்பான வரியைப் பாடி அவளைச் சிரிக்க வைத்தார். சோபாவில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

படத்தில் அம்மா பியானோவை மூடினாள். மகள் திரையைக் காட்டினாள்.

"இங்க ஒரு கோடு ஓடும்ப்பா. அப்புறம் எல்லாரும் சைக்கிள்ல போவாங்க."

அப்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. எழுந்து நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் அந்த இடம் தாண்டிவிட்டது. கோடு ஓடவில்லை. பிள்ளைகளின் அம்மா படுக்கையில் கிடந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, காதோடு ஒரு பாட்டின் ஒவ்வொரு வரியைச் சொல்லிக்கொடுத்தாள். கடைக்குட்டிக்குக் கடைசி வரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் படத்தை நிறுத்தினாள். கடைசிப் பாட்டில் அந்த ஐந்து பேரும் ஏன் ஆளுக்கு ஒரு வரி மட்டும் பாடுகிறார்கள் என்பது முப்பது வருடம் கழித்து இன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. படத்தில் அந்த அம்மா எங்கே என்று சின்ன வயதில் அவள் கேட்டால், "ஊருக்குப் போயிருக்கா, படம் முடிஞ்சதும் வந்துடுவா" என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்.

"நீங்கதான் வெட்டினீங்களா?"

ஆமாம் என்றார். அப்போது அவளுக்கு ஆறு வயசு, முதல் தடவை பார்த்துவிட்டு நாலு நாள் காய்ச்சல், அம்மாவை விட்டு நகரவே இல்லை என்றார். பிள்ளை அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும், வெட்டாதீர்கள் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

தூக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் கேட்கவில்லை என்ற பொய் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. திரையில் அந்தக் கடைக்குட்டி படுக்கையோரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவரால் முடியவில்லை.

"தினமும் கேட்டா. வாசல்ல சத்தம் கேட்டாலே நீதான்னு நெனச்சுப்பா. உனக்கு லீவு கெடைக்கலைன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட சளின்னீங்க."

"நீ வந்தா அவளுக்கு விஷயம் புரிஞ்சுடும்னு பயம். ரெண்டு பேரும் அழுவீங்க. அதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"லீவு இல்லன்னதை நம்பிட்டாளா?"

"நம்பிட்டா. பாவம், புள்ளைய வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்கன்னா."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். பியானோவை மூடும் இடம் வந்ததும் மறுபடி ஓட விட்டாள். அவர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல மெல்ல எழுந்தார்.

"உக்காருங்கப்பா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தத் தடவை முழுசாப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார்.