ஒரே படம், இரண்டு டி.வி.

தொண்ணூறுகளின் கடைசியில் குமணன்சாவடியில் நானும் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு வீடியோ கடை நடத்தினோம். கேசட்டுகளைத் தள்ளிவிட்டுச் சுவர் முழுக்க வி.சி.டி. அடுக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காட்டுப்பாக்கத்திலிருந்தெல்லாம் வாடகைக்கு எடுக்க வருவார்கள். ஆனாலும் என்னால் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியாது. பாரிஸ் கார்னர் பக்கம் போய் வந்தவர்கள் எல்லாரும் டி.வி.டி., டி.வி.டி. என்றார்கள். கேசட்டுக்கு வந்த கதி இதற்கும் வந்துவிடுமோ என்று, ஆள் வராத நேரத்தில் அலமாரியைக் கலைத்துக் கலைத்து அடுக்குவேன்.

மாமா பயப்படுகிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டி.வி.டி. பிளேயர் ஒன்றோடும் கொஞ்சம் டி.வி.டி.க்களோடும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கடை வாசலில் இரண்டு டி.வி.க்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே படத்தை ஒன்றில் வி.சி.டி.யாகவும் மற்றதில் டி.வி.டி.யாகவும் ஓடவிட்டார்.

"இன்னா மச்சான், எப்டி கீது?"

டி.வி.டி.யில் கதாநாயகியின் புடவைச் சரிகை பளிச்சென்று தெரிந்தது. வி.சி.டி.யில் மழைக் காட்சி வந்ததும் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதுவரை அதை நானே கவனித்ததில்லை. பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

மறுநாளே வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் ஆரம்பித்தார்கள்.

"மூஞ்சியே சரியா தெர்லபா. அந்தப் புதுசு குடு."

"உங்க ஊட்ல டி.வி.டி. பிளேயர் கீதா?"

"இல்லியே."

பிளேயர் இல்லாதவர்கள் டி.வி.டி. கேட்டார்கள், இருந்த வி.சி.டி.யைத் தொட மறுத்தார்கள். எங்களிடம் இருந்த டி.வி.டி.யோ பத்துப் பன்னிரண்டு, அதிலும் பாதி இங்கிலீஷ். வெள்ளிக்கிழமைக்குள் கடை வெறிச்சோடிவிட்டது.

"நம்ம சரக்க நாமளே கெடுத்துட்டோம் மாமா."

"இருக்கறத காட்னேன். அது தப்பா?" என்றவர், வி.சி.டி.க்களை எல்லாம் வாரிக் கோணிப்பையில் போட ஆரம்பித்தார். வந்த விலைக்குத் தள்ளிவிடுவாராம். நான் பையைப் பிடித்து இழுத்தேன். இருவருக்கும் குரல் ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, கான்வென்ட் ஸ்கூல் டீச்சர் ஒருவர் சி.டி. திருப்பித் தர வந்தார். வாரம் தவறாமல் வருபவர். கோணிப்பையைப் பார்த்து, "என்ன தம்பி, கடையைக் காலி பண்றீங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"எதுக்கு? துபாய்லேர்ந்து என் தம்பி டி.வி.டி. பிளேயர் அனுப்பி மூணு மாசம் ஆச்சு. உங்க சி.டி.யத்தான் அதுல போட்டுப் பாக்கறேன். நல்லாத்தானே ஓடுது?"

மாமா என்னைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு ஒரு வி.சி.டி.யை எடுத்து, புதுப் பிளேயரில் போட்டார். ஓடியது. ஒரு வாரமாக அந்த மெஷின் எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. போட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும், புதுப் பிளேயர் வாங்கினால் பழைய சி.டி.யும் ஓடும் என்று போட்டே காட்டினோம். ஆட்கள் மெல்லத் திரும்பினார்கள். ஆனால் மாமாவால் வாடகைக் கடையில் நிலைகொள்ள முடியவில்லை. பொங்கலுக்குள் ஆவடியில் பிளேயர் விற்கத் தனிக் கடை போட்டுவிட்டார். பிளேயர் விசாரிப்பவர்களை நான் அவரிடம் அனுப்பினேன். வாங்கியவர்களிடம் அவர் என் கடைக்கு வழி சொன்னார்.