அவருக்குச் சரியாக இருந்த என் சைக்கிள்

நாற்பதைத் தாண்டிய வயதில் சைக்கிள் வேண்டும் என்று கேட்டது நான்தான். மவுண்டன் பைக்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தவர் என் கணவர். "நம்ம ரோட்டுக் குழிக்கு இதுதான் தாங்கும்" என்றார். செகந்திராபாத் வீட்டிலிருந்து ஜீடிமெட்லாவுக்கு, மருந்துத் தொழிற்சாலை ஆய்வக வேலைக்கு அதில் போக ஆரம்பித்தேன். முதல் மாதம் முடிவதற்குள் இடுப்பில் கம்பியைச் செருகியது போல வலி. பக்கத்தில் ஆட்டோ ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கக்கூடக் கழுத்து மறுத்தது.

கணவருக்கு ராமச்சந்திராபுரத்தில் பெரிய இயந்திரங்களைப் பொருத்துகிற வேலை. கருவி கைக்கு வந்துவிட்டால் யார் சொல்வதும் காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டை உயர்த்தினார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"சூப்பரா இருக்கு. இனிமே வலிக்காது."

வலித்தது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அடுத்த ஞாயிறு சீட்டைப் பின்னால் தள்ளினார். மறுபடி ஒரு சுற்று, மறுபடி சூப்பர். இப்போது ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க நான் சைக்கிள் மேல் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது.

சைக்கிள் கடைக்குப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் மெத்தென்ற சீட் உறை ஒன்றை எடுத்து வைத்தார். வலி முதுகில், உட்காரும் இடத்தில் இல்லை என்றேன். "ஹவ் மேடம், உஸ்கே லியேச் ஹை" என்றார், அதற்குத்தானே இது என்பதுபோல. கல்லூரியில் படிக்கும் மகளிடம் புலம்பினால், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சைக்கிள் நக்கோம்மா, ஸ்கூட்டி தீஸ்கோ" என்றாள், சைக்கிளை விட்டுவிட்டு ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்று.

அதற்கடுத்த ஞாயிறு கணவர் வழக்கம்போல ஒரு சுற்று போய்விட்டு வந்து இறங்கினார். "இப்ப பெர்ஃபெக்ட்."

"யாருக்கு?" என்றேன்.

"என்ன யாருக்கு?"

"என்னைவிட ஒரு தலை உசரம் நீங்க. உங்க காலுக்கும் கைக்கும் வாராவாரம் சரி பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க. வலிக்கிறது எனக்கு!"

எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கவலையில்லை.

"ஓட்டிப் பாக்காம எப்படித் தெரியும்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

"நான் ஏறி உக்காருறேன். சொல்லும்போது திருப்புங்க."

சுவரில் கையை ஊன்றி உட்கார்ந்தேன். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும் வரை சீட்டை இறக்கச் சொன்னேன். பிறகு முன்னால் நகர்த்தச் சொன்னேன். அப்போதும் ஹேண்டில்பார் தூரமாகவே இருந்தது. மறுபடி கடைக்குப் போய், அதைத் தாங்கும் தண்டை மாற்றி, குட்டையாக, மேல்நோக்கி வளைந்த ஒன்றைப் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் "கிழவன் சைக்கிள் மாதிரி ஆயிடுச்சு" என்று கணவர் முகம் சுளித்தார்.

முதுகு வலி மெல்ல மெல்ல விட்டது. கழுத்து வலி விடவில்லை. எரிச்சலில் சைக்கிளையே விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் காலையில் நான் கிளம்பும்போது கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையைத் தூக்கிட்டுப் போற?"

அப்போதுதான் உறைத்தது. நான் போடும் ஹெல்மெட்டின் முன்பக்கம் கூரை மாதிரி ஒரு விளிம்பு உண்டு. அது நெற்றிக்கு மேல் இறங்கி ரோட்டை மறைத்தது. ரோடு தெரிய நான் தாடையைத் தூக்கிக்கொண்டே ஜீடிமெட்லா வரை போய் வந்திருக்கிறேன். இத்தனை நாளும்! விளிம்பைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

கழுத்து இப்போது திரும்புகிறது. ஆய்வகத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்த அன்று மட்டும் பிடித்துக்கொள்ளும். போன வாரம் கணவர் யாரிடமோ போனில், "நான்தான் அவளுக்கு சைக்கிளை செட் பண்ணிக் கொடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை போட்டிருப்பேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.