பிளக்கைப் பிடுங்கிய கேரவன்

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது, விம்கோ நகரில் ஒரு தகர ஷெட்டுக்குள். புளுகு என்பவர்கள் சங்கமித்ராவின் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போகலாம்.

சங்கமித்ரா வியாசர்பாடிக்காரி, எலெக்ட்ரீஷியன். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டது ஒரு கேரவனைப் பார்க்க. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகிற வண்டி. படியில் கால் வைத்தால் ஷாக் அடித்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஒயரிங் சரி என்று எலெக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட்டால்தான் சினிமா கம்பெனி வண்டியை எடுக்கும்.

"செருப்பு போட்டுக்கினு ஏறுனா ஒண்ணும் ஆவாதும்மா. கையெழுத்த போடு," என்றார் ஓனர் லோகநாதன்.

"வெறுங்கால்ல ஏறி எவனாச்சும் செத்தான்னா? பாக்காம போட மாட்டேன்."



மணி 2.25. பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். பேட்டரி ஒயர்களையும் கழற்றினாள். இனி வண்டியில் பொட்டுக் கரண்டு கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்டரைப் படியில் வைத்தாள்.

எரிந்தது.

மீட்டரை வைத்தாள். 230 வோல்ட். பிளக் அவள் காலடியிலேயே கிடந்தது.

ரப்பர் ஷூவோடு உள்ளே ஏறினாள். மணி 2.40. பின்னால் கதவு மூடியது... மெதுவாக...

டக்.

சீட்டுக்கு அடியில்.

டக்... டக்...

கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். சில்லென்று.

பயம்தான், மறைப்பானேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"இன்னா, பயம் காட்றியா? நான் நவுர மாட்டேன். பால்ட்டு எங்க கீதுன்னு காட்டு!"

டக்.

சத்தம் வந்த சீட்டடிப் பலகையைப் பெயர்த்தாள். உள்ளே பச்சை ஒயர். வெட்டி, டேப் சுற்றி, ஒளித்து வைத்திருந்தார்கள். எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற ஒயர். ஷூட்டிங்கில் பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் சில புத்திசாலிகள் செய்கிற வேலை இது. எர்த்தை வெட்டிவிட்டால் பிரேக்கர் விழாது. கரண்டு வண்டியின் உடம்பிலேயே காத்திருக்கும், தரையில் நின்று தொடுகிறவனுக்காக.

டேப் சுற்றிய நுனியை நறுக்கிப் பாக்கெட்டில் போட்டாள். ஒயரைச் சேர்த்தாள். மணி 2.45. கதவு தானாகத் திறந்தது. இறங்கிப் பிளக்கைச் சொருகினாள். பிரேக்கர் பட்டென்று விழுந்தது. தேடிப் பார்த்தால், பால்ட் கீசரில், அங்கேதான் கரண்டு கசிந்தது. கீசரைக் கழற்றி எறிந்த பிறகு பிரேக்கர் விழாமல் நின்றது. டெஸ்டர் எரியவே இல்லை.

"எர்த்த யாரு சேக்கச் சொன்னது?" என்று சீறினார் லோகநாதன்.

அவள் பேப்பரை வாங்கினாள். எர்த் வெட்டப்பட்டிருந்தது என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஷெட் பெருக்கும் கன்னியம்மா கேட் அருகே சங்கமித்ராவின் கையைப் பிடித்தாள். "போன மழைல லைட்மேன் டில்லிபாபு இந்தப் படியிலதாம்மா செத்தான். ஹார்ட் அட்டாக்குன்னு வூட்ல சொல்லிட்டாங்க. சடையங்குப்பத்துல அவன் பொஞ்சாதி புஷ்பவல்லி கீது."

சங்கமித்ரா யாரிடமும் சொல்லவில்லை. தன் ஸ்கூட்டரை நேரே சடையங்குப்பத்துக்கு விட்டாள். மணி 5.10. புஷ்பவல்லி வீட்டைப் பூட்டி, செருப்பு மாட்டி, புருஷன் போட்டோவைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். சங்கமித்ரா தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"கரண்டுதான்னு சொல்ல வந்தியா?" என்றாள் புஷ்பவல்லி. "அவரு ரெண்டே முக்காலுக்கே வந்து சொல்லிட்டாரு. வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."