வளைந்த ஆணி டப்பா

தட்டச்சுக் கடைக்காரிக்குத் தெருக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் துடைப்பம். தூசி தும்பு எதையும் விட்டுவைக்க மாட்டாள். வளைந்த ஆணியைக்கூட டப்பாவில் சேர்த்துவைக்கும் கணவரோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறாள். இன்று காலைதான் அந்த டப்பாவைக் குப்பைப் பையில் போட்டிருந்தாள்.

நேற்று கணினி மந்தமாக ஓடியதால், கணினியின் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றை இறக்கினாள். எழுநூறு குப்பை இருப்பதாக அது காட்டியதும் அவளுக்குக் கை பரபரத்தது. அத்தனையையும் அழித்தாள். இன்று கணினி நீலத் திரையைக் காட்டுவதும் அணைவதுமாக இருந்தது.

மெக்கானிக் வந்து, அவசியமானதை மட்டும் ஓடவிடும் சேஃப் மோடில் கணினியைத் திறந்து பார்த்தார்.

"குப்பையோட வேண்டியதையும் சேத்து அழிச்சிருக்குக்கா. நல்லவேளை, அழிக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்க."

அவள் எங்கே எடுத்தாள்? நகல் வேண்டுமா என்று மென்பொருள் கேட்டபோது வேண்டாம் என்றுதான் அழுத்தப் போனாள். டீ கொண்டுவந்த கணவர்தான் குறுக்கே கையை நீட்டி, வேண்டும் என்று அழுத்தினார். "இருக்கட்டுமே, சோறா கேக்குது?" என்றார். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில் பழையது திரும்பி, கணினி ஒழுங்காக எழுந்தது. கணவர் மெக்கானிக்குக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

அவள் குப்பைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, நன்றாகத் துடைத்து, கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எதுக்கு இங்க?" என்றார் கணவர்.

"இருக்கட்டுமே, சோறா கேக்குது?"