சுவரில் சிவப்பு நம்பர்

பத்துமலைக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். ஈப்போ பக்கம் சிலிபினில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா, அதாவது வாசல் காவல் வேலை. வாசலுக்கு வரும் ஒவ்வொரு லாரியையும் முறைத்தே பழகிய கண். ஆனால் அந்தக் குணத்தை வேலை கொடுக்கவில்லை. சின்ன வயதில், அவர் பிறந்த தோட்டத்தில், கம்பெனி ஆள் ஒருத்தன் வந்து தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் சிவப்புச் சாயத்தால் நம்பர் போட்டான். கோயில் சுவரையும் விடவில்லை. சும்மா கணக்குக்கு என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அங்கே வீடும் இல்லை, கோயிலும் இல்லை. புல்டோசர் போன தடம்தான் கிடந்தது.

இப்போது அவரும் மனைவி குமுதாவும் இருப்பது பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்து லயத்தில். இந்த வீட்டுக்கும் பத்திரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்தால், சுவரில் சிவப்பாகப் பதினாலு.

நாலு வீடு தள்ளி ஷாமினியும் யுகேந்திரனும் தூரிகையோடு நின்றார்கள். இரண்டும் லயத்துப் பிள்ளைகள். அவள் காலேஜில் படிக்கிறாள், அவன் ஈப்போவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான்.

"எந்தக் கட்சிக்காரன் அனுப்புனான்?"

"கட்சி எல்லாம் இல்ல மாமா," என்றாள் ஷாமினி. "அர்ச்சுனன் தாத்தாவுக்கு முடியாமப் போனப்ப ஆம்புலன்ஸ் வீடு தெரியாம சுத்துச்சில்ல? அதுக்குத்தான் லா. நாங்க பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து செய்றோம்."

"செவப்புல எழுதச் சொன்னது யாரு?"

"என் மோட்டாருக்கு வாங்குன சாயம் மாமா, மிச்சம்," என்று யுகேந்திரன் சிரித்தான்.

"சிரிக்காதடா. நம்பர் போட்டுட்டுத்தான் இடிப்பானுங்க. உன் வீட்டையும் சேத்து."

சாயத்தைக் கரைக்கும் தின்னரை ஊற்றித் தன் சுவரில் இருந்த நம்பரை அழுத்தித் தேய்த்தார். உள்ளேயிருந்து குமுதா இருமிக்கொண்டே வந்தாள். அவளுக்கு இழுப்பு. மழை பிடித்தால் மூச்சுக்குத் திண்டாடுவாள்.

"எனக்கு முடியலன்னா வண்டிக்காரன் எங்க வருவான்? இந்த அழிச்ச எடத்துக்கா?"

சாயங்காலம் பிஸ்கட் டின் மூடியில் பதினாலு என்று எழுதி, கம்பி வளைத்து வேலியில் மாட்டினார்.

"சுவத்துலயே இருந்திருக்கலாமே மாமா," என்றாள் ஷாமினி.

"இதுன்னா வேணாங்கறப்ப கழட்டிக்குவேன்."

அடுத்த வாரம் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. இறங்கியவன் வீடு வீடாக நம்பரைப் படம் பிடித்தான். பத்துமலை தகரத்தைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். ஷாமினி ஓடி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"யாரு நீங்க? யாரு அனுப்புனா? கார்டு காட்டுங்க."

"சும்மா சர்வே," என்று முனகிவிட்டு அவன் காரைக் கிளப்பினான்.

அவள் முகம் வெளுத்திருந்தது. "மாமா, காரு நம்பரப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். ஜாகா பார்க்காமல் இருப்பானா? ஆனாலும் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சொல்றேன். அத வச்சு நீ என்ன செய்வே, யாருகிட்டப் போவே, மொதல்ல அதச் சொல்லு."

அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். பத்துமலை நின்றபடியே கேட்டார்.